லீத்தென், லில்லா, ஸ்மோ: 'சின்ன' என்று ஸ்காண்டிநேவியாவில் சொல்வது எப்படி?

'தென் லில்லா பீலென்.' இந்த மூன்று சொல்லை ஸ்டாக்ஹோமில் ஒருவரிடம் சொன்னால், நிற்கும் கார்களில் சின்னதாக ஒன்றைத் தேடுவார். ஆஸ்லோவில் சொன்னால் ஊதா நிறக் காரைத் தேடுவார். எழுத்து ஒன்று, ஒலியும் ஏறக்குறைய ஒன்று, பொருள்தான் வேறு. ஸ்வீடிஷில் 'லில்லா' என்றால் சின்ன. நார்வேஜியனிலும் டேனிஷிலும் 'லில்லா' என்றால் ஊதா. ஸ்வீடிஷ்காரர் ஊதாவை 'லீலா' என்பார். அங்கே ஒரு ல குறைந்து, முன்னால் உள்ள உயிர் நீண்டுவிடும்.

இத்தனைக்கும் 'சின்ன' என்ற இந்தப் பெயரடை மூன்று மொழிக்கும் பொதுச் சொத்து. ஸ்வீடிஷ் அகராதியிலும் நார்வேஜியன் அகராதியிலும் 'லீத்தென்' என்று இருக்கும், டேனிஷில் 'லிலெ' என்று இருக்கும். பழைய நோர்ஸ் மொழியின் 'லீத்தில்' என்ற ஒரே சொல்லின் பிள்ளைகள் இவை. ஆங்கில 'லிட்டில்' ஒன்றுவிட்ட உறவு. பொருளிலும் மூன்றுக்கும் சண்டை இல்லை. எல்லாப் பொதுச் சொல்லும் இவ்வளவு ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். 'ரூலி' என்றொரு பெயரடை இருக்கிறது. ஸ்வீடிஷில் அது வேடிக்கையான, ஜாலியான. மற்ற இரண்டிலும் அமைதியான. ஸ்வீடிஷ்காரர் 'ரூலி' என்று புகழ்ந்த விருந்தை டேனிஷ்காரர் சத்தமில்லாத விருந்து என்று புரிந்துகொள்வார்.

'லீத்தென்' அந்த மாதிரி பொருளில் ஏமாற்றாது, உருவத்தில்தான் ஏமாற்றும். ஆனால் இதைச் சரியாகப் பிடித்துவிட்டால் ஸ்காண்டிநேவியப் பெயரடை இலக்கணம் முழுவதும் கைக்கு வந்துவிடும். காரணத்தை வழியில் பார்ப்போம்.

முதலில் ஒலி

ஸ்வீடிஷ், நார்வேஜியன் மொழிகளில் வரும் த-ஒலி நம்முடைய த்-தான். நா பல்லைத் தொடும். அதனால்தான் ஆங்கிலப் பழக்கத்தில் 'லிட்டென்' என்று எழுதாமல் இங்கே 'லீத்தென்' என்று எழுதுகிறோம். த்த என்று இரட்டித்திருப்பது வல்லோசை தெரிவதற்கு மட்டும், அழுத்திப் பிடிக்க வேண்டாம். 'பீல்' என்பது கார். அதன் முதலெழுத்தை 'பஸ்' என்பதில் சொல்வதுபோலச் சொல்லவும். 'என்' என்றால் 'ஒரு'. தமிழ்க் கண்ணுக்கு அது 'என்னுடைய' என்று தெரியும், இரண்டு நாளில் பழகிவிடும்.

'ஸ்மோ' என்பதன் கடைசி எழுத்து, தலையில் சின்ன வட்டம் வைத்த 'ஏ'. வட்டம் இருந்தால் ஒலி ஓ. வட்டத்தைக் கவனிக்காமல் 'ஸ்மா' என்று வாசிப்பதுதான் முதல் வாரத்துத் தவறு.

தமிழ் பேசுபவருக்கு இங்கே இரண்டு லாபம் இலவசமாக வருகிறது. ஒன்று, குறில் நெடில். 'லீத்தென்' என்பதில் ஈ நெடில், 'லில்லா' என்பதில் இ குறில், பின்னால் ல் இரட்டிக்கிறது. உயிர் நீண்டால் மெய் ஒற்றை, உயிர் குறுகினால் மெய் இரட்டை என்பது ஸ்வீடிஷிலும் நார்வேஜியனிலும் அடிப்படை விதி. இதற்காகப் பலர் மாதக்கணக்கில் காதைப் பழக்க வேண்டியிருக்கிறது. 'பல்' வேறு, 'பால்' வேறு என்று வளர்ந்த காதுக்கு அந்தப் பாடு கிடையாது.

இன்னொன்று ட, ண. எழுத்தில் ர் வந்து, அடுத்து த் அல்லது ன் வந்தால், ஸ்வீடனின் பெரும்பகுதியிலும் கிழக்கு நார்வேயிலும் அது வாயில் ட் ஆகவும் ண் ஆகவும் மாறிவிடும். நா மேலே மடிகிற அசல் ட, அசல் ண. குழந்தைக்கு அங்கே சொல் 'பார்ன்' என்று எழுதப்பட்டு 'பாண்' என்று ஒலிக்கும். தெற்கு ஸ்வீடனின் ஸ்கோனெ வட்டாரத்திலும் நார்வேயின் பெர்கன் நகரிலும் ர் தொண்டையிலிருந்து வருவதால் இந்த மாற்றம் நடக்காது.

டேனிஷ் தனி ரகம். எழுதியதில் பாதியை விழுங்கிவிடுவார்கள். 'லிலெ' என்று எழுதும்போது இரண்டு ல் போடுவார்கள், சொல்லும்போது ஒன்றுதான் கேட்கும். அவர்களுடைய 'ஸ்மோ' தொண்டையில் சட்டென்று ஒரு பிடி பிடித்து முடியும்.

தமிழ்ப் பழக்கம் எங்கே தடுக்கும்?

சின்ன வண்டி, சின்ன வீடு, அந்தச் சின்ன வீடு, சின்னக் குழந்தைகள். பெயருக்கு முன்னால் நிற்கும் 'சின்ன', சந்தியைத் தவிர்த்துப் பார்த்தால், எங்கேயும் மாறுவதில்லை. ஒன்றானாலும் பலவானாலும் ஒரே 'சின்ன'. இந்தப் பழக்கத்தோடு போனால் ஸ்காண்டிநேவியாவில் எல்லா இடத்திலும் 'லீத்தென்' என்றே சொல்லத் தோன்றும்.

பெயருக்குப் பின்னால் போனால் நாமும் மாற்றத்தான் செய்கிறோம். வண்டி சின்னது. தம்பி சின்னவன். பிள்ளைகள் சின்னவர்கள். எண்ணுக்கும் பாலுக்கும் ஏற்பப் பெயரடையின் வால் மாறுவது நமக்குப் புதிதல்ல. ஸ்காண்டிநேவியர் அதையே பெயருக்கு முன்னாலும் செய்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் பாதி தூரம் வந்தாயிற்று.

ஸ்வீடிஷிலும் டேனிஷிலும் பெயர்ச்சொற்கள் இரண்டு கட்சி: 'என்' கட்சி, 'எத்' கட்சி. கார் என்-கட்சி, வீடு எத்-கட்சி. ஸ்வீடிஷில் ஏறத்தாழ நான்கில் மூன்று பெயர்கள் என்-கட்சி. நார்வேஜியனில் பெண்பாலுக்கு 'ஐ' என்று மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. எது எந்தக் கட்சி என்பதற்கு நம் திணைப் பாகுபாடு போல அர்த்தம் சார்ந்த விதி கிடையாது. பெயரோடு சேர்த்து மனப்பாடம்தான் வழி. குழந்தை மட்டும் நமக்குச் சிரமமில்லை. அது அங்கே எத்-கட்சி, அதாவது அஃறிணைப் பக்கம். நாமும் 'குழந்தை அழுகிறது' என்றுதானே சொல்கிறோம்?

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள், கேட்க வேண்டிய வரிசையில்

பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் பாலில் தொடங்கும்: என்-சொல்லுக்கு இது, எத்-சொல்லுக்கு அது. பேசும்போது அந்த வரிசை உதவாது. கட்சியை நினைவுபடுத்திக்கொண்டு நிற்பதற்குள் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். எளிதான கேள்வியை முதலில் கேட்டு, வேலையைச் சீக்கிரம் முடிக்கப் பார்க்க வேண்டும்.

ஒன்றா, பலவா? இதுதான் முதல் கேள்வி. பல என்றால் 'ஸ்மோ', அவ்வளவுதான். எந்தக் கட்சி, 'அந்த' இருக்கிறதா இல்லையா, பெயருக்கு முன்னாலா பின்னாலா என்று எதையும் பார்க்க வேண்டாம். மூன்று மொழியிலும் பன்மை 'ஸ்மோ' மட்டுமே. இது 'லீத்தென்' என்பதன் திரிபு அல்ல, 'ஸ்மார்' என்ற வேறொரு பழைய சொல்லிலிருந்து வந்து பன்மை இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஒன்றுதான் என்றால் அடுத்த கேள்வி: பெயருக்கு முன்னால் நிற்கிறதா, அங்கே 'அந்த', 'என்னுடைய', 'அவளுடைய' போன்ற ஒன்று இருக்கிறதா? இருந்தால் ஸ்வீடிஷில் 'லில்லா', நார்வேஜியனில் 'லில்லெ', டேனிஷில் 'லிலெ'. இங்கேயும் கட்சி பார்க்க வேண்டாம்.

இரண்டும் இல்லை, வெறும் 'ஒரு சின்ன' அல்லது 'அது சின்னது' என்றால்தான் மூன்றாவது கேள்வி: எந்தக் கட்சி? ஸ்வீடிஷில் என்-கட்சிக்கு 'லீத்தென்', எத்-கட்சிக்கு 'லீத்தெத்'. நார்வேஜியனில் ஆண்பாலுக்கு 'லீத்தென்', பெண்பாலுக்கு 'லீத்தா', எத்-கட்சிக்கு 'லீத்தெ'. டேனிஷில் இந்தக் கேள்வியே எழாது, அங்கேயும் 'லிலெ'தான். ஆக, டேனிஷுக்கு மொத்தமே இரண்டு உருவம்: லிலெ, ஸ்மோ. உச்சரிப்பில் படுத்தும் பாட்டுக்கு இங்கே ஈடு செய்துவிடுகிறார்கள்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி இருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஸ்வீடிஷ், நார்வேஜியன், டேனிஷ் என்ற வரிசை.

ஒரு சின்ன கார்: என் லீத்தென் பீல் / என் லீத்தென் பீல் / என் லிலெ பீல்
ஒரு சின்ன வீடு: எத் லீத்தெத் ஹூஸ் / எத் லீத்தெ ஹூஸ் / எத் லிலெ ஹூஸ்
அந்தச் சின்ன கார்: தென் லில்லா பீலென் / தென் லில்லெ பீலென் / தென் லிலெ பீல்
அந்தச் சின்ன வீடு: தே லில்லா ஹூஸெத் / தே லில்லெ ஹூஸெ / தே லிலெ ஹூஸ்
சின்ன கார்கள்: ஸ்மோ பீலர் / ஸ்மோ பீலெர் / ஸ்மோ பீலெர்
அந்தச் சின்ன கார்கள்: தொம் ஸ்மோ பீலணா / தீ ஸ்மோ பீலெனெ / தீ ஸ்மோ பீலெர்

மூன்றாவது வரியில் 'அந்த' இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். ஸ்வீடிஷிலும் நார்வேஜியனிலும் முன்னால் 'தென்', காரின் வாலிலும் ஒரு '-என்'. வெறும் 'அந்தக் கார்' என்றால் 'பீலென்' போதும். நடுவில் பெயரடை வந்ததும் முன்னாலும் ஒரு காவல் வேண்டியிருக்கிறது. டேனிஷ் இதில் சிக்கனம்: முன்னால் 'தென்' வந்துவிட்டால் வாலை வெட்டிவிடும். ஸ்வீடிஷ் படித்துவிட்டு கோபன்ஹேகன் போகிறவர் 'தென் லிலெ பீலென்' என்று சொல்லி மாட்டிக்கொள்வது இங்கேதான்.

'என்னுடைய' வந்தால் மூன்று மொழியும் ஒற்றுமை: ஸ்வீடிஷில் 'மின் லில்லா பீல்', நார்வேஜியனில் 'மின் லில்லெ பீல்', டேனிஷில் 'மின் லிலெ பீல்'. பெயரடை 'அந்த' உருவத்தில், பெயருக்கு வால் கிடையாது. நார்வேஜியர் பேச்சில் இதைத் திருப்பிப் போட்டு 'தென் லில்லெ பீலென் மின்' என்பதும் உண்டு, அப்போது வால் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

நார்வேஜியனில் 'லில்லெ' என்பதற்குப் பதிலாக 'வெஸ்லெ' என்றும் காதில் விழும். நார்வேயில் எழுத்து மொழி இரண்டு. அவற்றில் நீநொஷ்க் எனப்படுவதில் 'வெஸ்லெ' சாதாரணம். 'லீத்தா' எல்லா ஊரிலும் கேட்காது. பெர்கன் பேச்சில் பெண்பால் கட்சியே இல்லாததால் சின்னப் பெண்ணும் 'என் லீத்தென் யென்த்தெ'தான். மற்ற பல இடங்களில் 'ஐ லீத்தா யென்த்தெ' என்று கேட்கும்.

ஸ்வீடிஷில் ஒரு சின்ன விதிவிலக்கு: குறிப்பிடப்படுபவர் ஆண் என்றால் 'லில்லா' இடத்தில் 'லில்லெ' வரலாம். அந்தச் சின்னப் பையன், 'தென் லில்லெ பொய்க்கென்'. எழுத்தில் இதை அதிகம் காணலாம், பேச்சில் ஊருக்கு ஊர் மாறும். தொடக்கத்தில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

தவறுகள் எங்கிருந்து வருகின்றன?

அதிகம் நடக்கும் தவறு, ஸ்வீடிஷ் பன்மைக்கு 'லில்லா பீலர்' என்பது. இதற்குக் காரணம் சோம்பல் அல்ல, தர்க்கம். 'பெரிய' என்பதற்கு ஸ்வீடிஷில் 'ஸ்தூர்', எத்-கட்சிக்கு 'ஸ்தூட்' (அந்த ட் நம்முடைய ட்), 'அந்தப் பெரிய' என்றால் 'ஸ்தூரா', பன்மையும் 'ஸ்தூரா'. அதாவது ஒழுங்கான பெயரடைகளில் 'அந்த' உருவமும் பன்மை உருவமும் ஒன்றே. இதைப் பார்த்துப் பழகியவர் 'லில்லா'வையும் பன்மைக்கு நீட்டுகிறார். 'லீத்தென்' மட்டும் அந்த இரண்டு அறைகளையும் தனித்தனியாகப் பூட்டி வைத்திருக்கிறது. மற்ற பெயரடைகளில் தெரியாமலே சரியாகச் சொல்லிவிடலாம், இதில் எந்த அறையில் நிற்கிறோம் என்று தெரிந்தே தீர வேண்டும். அதனால்தான் இதைப் பிடித்தால் மற்றதெல்லாம் வரும் என்றோம்.

அதே தவறோடு நார்வேக்குப் போய் 'தீ லில்லா பாணா' என்றால் சின்னக் குழந்தைகள் எல்லாம் ஊதாக் குழந்தைகள் ஆகிவிடுவார்கள்.

அடுத்தது 'வீடு சின்னது' என்ற வாக்கியம். ஸ்வீடிஷில் 'ஹூஸெத் ஏர் லீத்தெத்' என்பதுதான் சரி. பலர் 'ஹூஸெத் ஏர் லில்லா' என்பார்கள். பெயரின் வாலில் 'அந்த' இருக்கிறதே, அப்படியானால் லில்லாதானே என்ற கணக்கு. ஆனால் லில்லா, லில்லெ என்பவை பெயருக்கு முன்னால், அதே தொடருக்குள் மட்டும் வாழ்பவை. 'ஏர்' என்ற வினையைத் தாண்டி வந்துவிட்டால் 'அந்த' செல்லாது, கட்சியும் எண்ணும் மட்டுமே செல்லும். கார் சின்னது, 'பீலென் ஏர் லீத்தென்'. கார்கள் சின்னவை, 'பீலணா ஏர் ஸ்மோ'.

ஒற்றை உருவத்தைக் கேட்டே எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டிய இடங்களும் உண்டு. ஸ்வீடிஷிலும் நார்வேஜியனிலும் வீடு, குழந்தை இரண்டுக்கும் பன்மையில் வால் வராது: ஒரு வீடும் 'ஹூஸ்', பத்து வீடும் 'ஹூஸ்'. 'ஸ்மோ ஹூஸ்' என்றால் பல வீடு என்பதைச் சொல்வது ஸ்மோ மட்டுமே. அங்கே அதை மாற்றிச் சொன்னால் கேட்பவருக்குப் பிடித்துக்கொள்ள வேறு கைப்பிடி இல்லை. டேனிஷில் 'ஹூஸெ' என்று பெயரே மாறிவிடும்.

காப்பிக் கடையில் ஒரு விநோதம். ஸ்வீடிஷில் காப்பி எத்-கட்சி. ஆனால் கடையில் 'என் லீத்தென் கஃபெ, தக்' என்றுதான் கேட்பார்கள். அவர்கள் எண்ணுவது காப்பியை அல்ல, கோப்பையை, கோப்பை என்-கட்சி. விதியை நம்பி 'எத் லீத்தெத் கஃபெ' என்று கேட்டால் காப்பி கிடைக்கும், கூடவே ஒரு பார்வையும் கிடைக்கும்.

சின்னது, கொஞ்சம், கொஞ்சம்தான்

'சின்ன' என்பதன் பக்கத்து வீடு 'கொஞ்சம்'. ஸ்வீடிஷில் அது 'லீத்தெ', டேனிஷில் 'லெத்'. நார்வேஜியன் இங்கே இரண்டாகப் பிரிக்கிறது, குறிலும் நெடிலும் பொருளையே மாற்றிவிடும். 'யை ஹார் லித் பெங்ஙெர்' என்றால் என்னிடம் கொஞ்சம் பணம் இருக்கிறது. 'யை ஹார் லீத்தெ பெங்ஙெர்' என்றால் பணம் கொஞ்சம்தான் இருக்கிறது, கைக்கும் வாய்க்கும் போதாது. நாம் ஒரு 'தான்' போட்டுச் செய்யும் வேலையை அவர்கள் உயிரை நீட்டிச் செய்கிறார்கள்.

சிக்கல் ஸ்வீடனிலிருந்து நார்வே போகிறவருக்கு. ஸ்வீடனில் 'லீத்தெ மாத்' என்றால் கொஞ்சம் சாப்பாடு. அதையே நார்வேயில் சொன்னால் சாப்பாடு போதவில்லை என்று குறை சொன்னதாகிவிடும். விருந்துக்குக் கூப்பிட்டவர் முன்னால் இந்தத் தவறு வேண்டாம். நார்வேயில் கொஞ்சம் கேட்க 'லித்' என்று குறுக்கிச் சொல்லுங்கள். ஸ்வீடிஷ்காரர் 'கொஞ்சம்தான்' என்று சொல்ல விரும்பினால் 'பாரா லீத்தெ' என்பார், டேனிஷ்காரர் 'குன் லெத்' என்பார். இரண்டிலும் முன்னால் வரும் சொல்லுக்கு 'மட்டும்' என்று பொருள்.

ஒப்பிடும்போது வேறு வேர் வருகிறது. இன்னும் சின்ன: 'மிந்த்ரெ'. இருப்பதிலேயே சின்ன: 'மின்ஸ்த்'. டேனிஷில் இவை 'மெந்த்ரெ', 'மென்ஸ்த்' என்று ஒலிக்கும். மிந்த்ரெ எந்தப் பாலுக்கும் எண்ணுக்கும் மாறாது, நிம்மதி. ஆனால் செய்தித்தாளில் 'என் மிந்த்ரெ பிரந்த்' என்று பார்த்துவிட்டு, எதைவிடச் சின்ன தீ என்று தேட வேண்டாம். எதோடும் ஒப்பிடவில்லை, பெரிதாக ஒன்றுமில்லை, சிறு தீ விபத்து என்றுதான் பொருள். மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் இந்த வழக்கு உண்டு. 'மின்ஸ்த்' எண்ணுக்கு முன்னால் வந்தால் 'குறைந்தது': அறிவிப்புப் பலகையில் 'மின்ஸ்த் 2 மீட்டர்' என்றிருந்தால் குறைந்தது 2 மீட்டர்.

ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு ஒரு பள்ளம். ஆங்கில 'ஸ்மால்' என்பதன் உறவுச் சொல் இங்கே 'ஸ்மால்' என்றே இருக்கிறது, ஆனால் அதற்குப் பொருள் ஒல்லி, குறுகிய. குட்டையானவரை அப்படிச் சொன்னால் அவருக்கு மகிழ்ச்சியாகவும் இருக்கலாம்.

ஒட்டிக்கொண்ட இடங்கள்

இலக்கணம் தீர்ந்தது, இனி இந்தச் சொல் குடியிருக்கும் வீடுகள். நமக்கு மிக நெருக்கமானது உறவுமுறை. ஆங்கிலத்தில் இல்லாத தம்பி, தங்கை இங்கே கிடைக்கிறார்கள். தம்பி மூன்று மொழியிலும் 'சின்ன சகோதரன்': ஸ்வீடிஷிலும் நார்வேஜியனிலும் 'லில்லெப்ரூர்', டேனிஷில் 'லிலெப்ரோர்'. தங்கை ஸ்வீடிஷில் 'லில்லாஸிஸ்தெர்'. நார்வேஜியனிலும் டேனிஷிலும் லில்லெ, லிலெ சேர்ந்து வரும். மேலே தள்ளிவைத்த ஆண் விதிவிலக்கு இங்கே உறைந்து நிற்பதைப் பாருங்கள்: தம்பிக்கு லில்லெ, தங்கைக்கு லில்லா. அண்ணனும் அக்காவும் 'பெரிய' சேர்த்து வருவார்கள். அளவு இங்கே வயதுக்குத்தான். ஆறடித் தம்பியும் லில்லெப்ரூர்தான். ஒரு வேறுபாடு: இவை உறவைச் சொல்ல உதவும் சொற்கள், கூப்பிட அல்ல. அண்ணனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

வயதுக்கு மீறிப் பெரிய மனுஷத்தனம் காட்டும் குழந்தைக்கு ஸ்வீடிஷில் 'லில்கம்மல்', அதாவது சின்ன-கிழம். நார்வேஜியனில் 'வெஸ்லெவொக்சென்', சின்ன-வளர்ந்தவர். டிசம்பர் 24 மாலை கிறிஸ்துமஸ் என்பதால் 23ஆம் தேதி நார்வேயிலும் டென்மார்க்கிலும் 'சின்ன கிறிஸ்துமஸ் மாலை'. புதன்கிழமைக்கு மூன்று நாட்டிலும் 'சின்ன சனிக்கிழமை' என்று செல்லப் பெயர். வார நடுவில் வெளியே போய் ஒரு கை பார்க்க அது சாக்கு.

'ஸ்மோ' வினைச்சொல்லோடும் ஒட்டும், அப்போது 'லேசாக' என்ற பொருள் தரும். மழை பெய்கிறது என்பதன் முன்னால் ஸ்மோ சேர்த்தால் தூறுகிறது: ஸ்வீடிஷில் 'தே ஸ்மோரெங்னார்'. நார்வேஜியனிலும் டேனிஷிலும் 'ஸ்மோஸுல்தென்' என்றால் லேசாகப் பசிக்கிற நிலை. அவ்விரு மொழிகளிலும் 'லே' என்றால் சிரி, 'ஸ்மோலே' என்றால் சத்தமில்லாமல் சன்னமாகச் சிரி. நம் புன்னகையும் இதே கட்டுமானம்தான்: புன் என்றால் சிறிய, நகை என்றால் சிரிப்பு.

ஒட்டி எழுதுவதா, விட்டு எழுதுவதா என்பதில் கவனம் வேண்டும். 'ஸ்மோ பாண்' என்று விட்டு எழுதினால் உருவத்தில் சின்னக் குழந்தைகள். 'ஸ்மோபாண்' என்று சேர்த்தால் கைக்குழந்தை, தளர்நடை வயதுப் பிள்ளைகள். 'ஸ்மோ' சேர்ந்த கேக் என்றால் பிஸ்கட் வகை, விட்டு எழுதினால் அளவில் சிறிய கேக். சேர்த்து எழுத வேண்டியதைப் பிரித்து எழுதுவது ஸ்வீடனில் படித்தவர்களை எரிச்சலூட்டும் முதல்தரத் தவறு.

ஊர்ப் பெயர்களிலும் நம் விதிகள் தெரியும். 1994 குளிர்கால ஒலிம்பிக் நடந்த நார்வே ஊர் 'லில்லெஹம்மர்'. அருகிலுள்ள பழைய ஹமார் நகரிலிருந்து பிரித்துக் காட்ட முன்னால் லில்லெ. டென்மார்க்கின் இரண்டு நீரிணைகள் லிலெபெல்த், ஸ்தோரபெல்த்: சின்ன பெல்த், பெரிய பெல்த். சின்னதன் மேல் 1935லும் 1970லும் பாலங்கள் வந்துவிட்டன, பெரியதற்கு 1990களின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்வீடனின் 'ஸ்மோலாந்த்' மாகாணத்தின் பெயர் பன்மை. அது ஒரு சின்ன நாடு அல்ல. பல சின்ன நாடுகள் சேர்ந்தது. ஐகியா மரச்சாமான் கடைகளை நிறுவிய இங்வார் கம்ப்ராத் பிறந்தது அந்த மாகாணத்தில். அந்தக் கடைகளில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் விளையாட்டு இடத்துக்கும் ஸ்மோலாந்த் என்று பெயர் வைத்ததில் உள்ள சிலேடை இப்போது புரிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. 'லில்லா வென்' என்றால் ஸ்வீடிஷில் 'கண்ணு', 'செல்லம்' மாதிரி. நேரடியாகச் சின்ன நண்பா. குழந்தையிடம் சொல்லலாம். வளர்ந்தவரிடம், அதுவும் அலுவலகத்தில் ஒரு பெண்ணிடம் சொன்னால், 'உனக்கு என்னம்மா தெரியும்' என்று தலையில் தட்டியது போலாகும்.

ஐஸ்லாந்து மொழியில் இந்தக் குடும்பத்தின் பழைய முகம் இன்னும் அப்படியே இருக்கிறது. மூன்று பால், நான்கு வேற்றுமை, இரண்டு எண் என்று இந்தச் சொல்லுக்கு நிரப்ப வேண்டிய கட்டங்களே 24. பன்மையிலும் அவர்கள் அதே வேரை வைத்துக்கொள்கிறார்கள், 'ஸ்மோ' வந்து குடியேறவில்லை. தொடங்குபவர் அந்தப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

கோபன்ஹேகன் துறைமுகக் கரையில் 1913 முதல் ஒரு பாறைமேல் 1.25 மீட்டர் உயர வெண்கலக் கடல்கன்னி உட்கார்ந்திருக்கிறாள். ஊர்க்காரர்கள் அவளை 'தென் லிலெ ஹௌஃப்ரூஎ' என்கிறார்கள். முன்னால் தென் வந்ததால் வாலில் ஒன்றுமில்லை. நார்வேஜியர் 'தென் லில்லெ ஹாவ்ஃப்ரூஎன்' என்பார், வாலில் ன் ஒட்டிக்கொள்ளும். ஸ்வீடிஷ்காரர் 'தென் லில்லா ஷொயுங்ஃப்ரூன்' என்பார்; கன்னி பெண் என்பதால் லில்லெ அல்ல, லில்லா, வாலும் உண்டு. அந்த லில்லாவை ஒரு நார்வேஜியர் கேட்டால் ஊதா நிறக் கடல்கன்னி என்று ஒரு கணம் திகைப்பார். பக்கத்தில் இன்னும் இரண்டு சிலை வைத்துவிட்டால் மூவருக்கும் குழப்பமில்லை: ஸ்மோ.